உங்களில் யார்

முதல் அடி காரின் கண்ணாடியில் விழுந்தது.

நடேஜ் சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். கண்ணாடித் தூள் அவளுடைய கம்பளிக் கோட்டின் மேல் கல்லுப்பு மாதிரி சிதறியிருந்தது.

எத்தியென் அவளுக்கு நாலடி பின்னால் இருந்தான். இருவரும் ஒரே வீடியோ கேம் நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவர்கள். மார்ச் மாதம், மாலை ஐந்து மணி, கனடாவின் மொன்றியலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் ஒதுக்கிய பனி கறுத்துக் கிடந்தது.

எதிரே நின்றவனுக்கு முப்பது வயது இருக்கலாம். கையில் டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி. அந்தக் குளிரிலும் அரைக்கைச் சட்டையோடு வந்திருந்தான்.

முன்கையில் பச்சை குத்தியிருந்தான். காது கிழிந்த ஓநாய்.

அவர்களுடைய கேமின் முதல் இரண்டு பாகங்களில் நாயகன் கேடயத்தில் சுமந்த ஓநாய் அது. அதை வரைந்தவன் எத்தியென். தான் போட்ட கோடு அவனுக்குத் தெரியாதா என்ன.

"அவனைத் தூக்கிட்டு அந்தக் கறுப்புப் பொம்பளையைப் போட்டது உங்கள்ல யாரு?"

குரல் உயரவில்லை. கடையில் பால் இருக்கிறதா என்று கேட்கிற குரல்.

"ஆறு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

மூன்றாம் பாகம் வெளிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டாம் பாகம் விற்றதில் பாதி கூட விற்கவில்லை. புது நாயகிதான் காரணம் என்று இணையத்தில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கேமைத் திணறாமல் ஓட வைப்பது நடேஜின் வேலை. ஆனால் அவள் குடும்பம் ஹைட்டியிலிருந்து வந்தது, நாயகியின் நிறம்தான் அவளுக்கும். அதனால் பேட்டிக்கெல்லாம் நிறுவனம் அவளையே அனுப்பியது. நாயகியைப் பற்றி அவளிடமே கேட்டார்கள்.

எத்தியென் வாயைத் திறந்தான். குளிர்காற்று உள்ளே போனது. வெளியே எதுவும் வரவில்லை.

நடேஜும் பேசவில்லை.

அவன் எத்தியெனைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அதற்கப்புறம் எத்தியென் பக்கம் திரும்பவே இல்லை.

"இதுக்கு ஒரு கேள்வி வேற கேட்டேன் பாரு."

கம்பி அவள் முன்கையில் இறங்கியது.

கேமில் எலும்பு முறிகிற சத்தத்துக்குச் செலரிக் கீரைத் தண்டை ஒடித்துப் பதிவு செய்வார்கள். கேட்டாலே பல் கூசும். இது அப்படி இல்லை. ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

மூன்றாவது அடி முழங்காலில். அவள் சரிந்தாள். நான்காவது விலாவில். தலையை மூடிக்கொண்ட விரல்களின் மேல் ஐந்தாவது. அப்புறம் அவன் கம்பியைப் போட்டுவிட்டுப் பூட்ஸ் காலால் மிதித்தான். உதட்டில், தோளில், மறுபடி அதே விலாவில். ஒவ்வொரு மிதிக்கும் அவள் உடம்பு பனிச்சேற்றில் ஒரு சாண் நகர்ந்தது. நகர்ந்த இடமெல்லாம் சிவப்பு.

எத்தியென் அசையவில்லை.

கால் வரவில்லை என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னான். அது உண்மைதான். நாக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

காவலாளிகள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் அடித்தவனின் முகத்தைக் காரின் கதவில் மோதினான். மூக்கு உடைந்து, ஓநாயின் மேல் ரத்தம் கொட்டியது. தரையில் அமுக்கி முதுகில் முட்டியை ஊன்றியபோது அவன் அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே எத்தியெனை நிமிர்ந்து பார்த்தான்.

"நீயாவது அவகிட்ட வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல."

எத்தியென் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. நடேஜைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். கையில் நோட்டோடு ஒரு போலீஸ்காரி அவள் மேல் குனிந்தாள்.

"நாயகனை மாத்துனது நீங்கதான்னு அவன் சொல்றான். அப்படியாங்க?"

நடேஜ் கண்ணைத் திறந்தாள். ஒரு கண் திறக்கவில்லை. கிழிந்த உதட்டை நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தியெனைக் கேளுங்க."

போலீஸ்காரி திரும்பினாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், மேசையிலிருந்த பேகல் ரொட்டித் தட்டை ஒதுக்கிவிட்டு எத்தியென் ஒரு படத்தை விரித்தான். ஈட்டியோடு நிற்கும் கறுப்புப் பெண். அவன் வரைந்ததிலேயே நல்ல படம் அது. இனிமேல் இவள்தான் என்றான். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கை தூக்கினார்கள்.

நடேஜ் தூக்கவில்லை.

"படம் அழகாத்தான் இருக்கு. ஆனா கேம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னு போகுதே. முதல்ல அது ஓடட்டும், எத்தியென். அதுல யாரு ஓடுறதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எத்தியெனும் சிரித்தான்.

கடைக்கு வந்த அன்றும் கேம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நின்றது.