தனித் தட்டு

ஹோசியா மறுபடியும் கடைசி மேட்டில் நின்றுவிட்டான்.

எங்கள் முகாமின் முப்பது கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்தில் இருபத்தைந்து வரை சிறுத்தை. அப்புறம் கிழட்டு ஆடு. மூன்றாவது வாரமாக இதே கதை.

"எல்டோரெட் போட்டிதான் உனக்குக் கடைசி," என்றார் கோச் டூவெய். "அதுலயும் நின்னா வீட்டுக்குப் போய் மாடு மேய்."

ஹோசியா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தான். அவன் பேசுவதே அபூர்வம். சின்ன வயதில் கன்று உதைத்துத் தாடை கோணிப் போனவன்.

எங்கள் ஆட்கள் எப்படி இப்படி ஓடுகிறார்கள் என்று அளக்க வந்திருந்த வெள்ளைக்கார டாக்டர் அவன் கெண்டைக்காலை நாடாவால் சுற்றினார். மூச்சை ஊதச் சொன்னார். ரத்தம் எடுத்தார். பிரமித்துப்போய் உட்கார்ந்தார்.

"இப்படி ஒரு உடம்பை நான் பார்த்ததில்லை. கால் பறவை மாதிரி. நுரையீரல் கொல்லன் துருத்தி."

"அப்புறம் ஏன் மேட்டுல நிக்கறான்?"

"தெரியலை."

"தெரியாததுக்கா இத்தனை ஊசி?" என்றார் கோச். "ஊர்லேர்ந்து வரும்போது சிங்கமா வந்தான்யா. இங்க வந்துதான் இப்படி ஆயிட்டான்."

அன்று மத்தியானம் இன்னொரு சனியன்.

பத்துப் பேருக்கும் நடுவில் ஒரே பெரிய தட்டு. சோள மாவுக் களியான உகாலி சுடச்சுட மலையாகக் குவிந்திருந்தது, பக்கத்தில் கீரை. பிய்த்து, உருட்டி, ஊதாமல் விழுங்குவோம். எங்கள் ஆட்களுக்கு ஓட்டத்திலும் அவசரம், தட்டிலும் அவசரம்.

கிமெலி மட்டும் நின்றுகொண்டிருந்தான். இரண்டு வருடமாக எல்லாப் பந்தயத்திலும் முதலாவதாக வருபவன்.

"எனக்குத் தனித் தட்டு வேணும்."

சமையல்கார ஜெபெட் அம்மாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. எங்கள் பக்கம் தனியாகத் தின்பவன் கஞ்சன். இல்லையென்றால் சூனியக்காரன்.

"ஏன்டா?" என்றான் பிலமோன். "எங்க கை நாறுதா?"

"ஆமா. நாறுது."

பிலமோன் பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டுக் கோச் வந்தார்.

"இங்க ராஜா யாரும் கிடையாதுடா! உனக்குத் தட்டுன்னா பத்துப் பேருக்கும் தட்டு."

"போடுங்க," என்றான் கிமெலி. "அளவு மட்டும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்."

"திமிரைப் பாரு," என்றார் ஜெபெட் அம்மா.

மறுநாள் பத்துத் தகரத் தட்டு வந்தது. கிமெலியோடு பேச்சு நின்றது. காலை ஓட்டத்தில் அவன் பக்கத்தில் யாரும் ஓடவில்லை. குடுக்கையில் புளித்த பால் சுற்றி வரும். அவனைத் தாண்டிப் போய்விடும். அவன் கேட்கவும் இல்லை. வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றான்.

"ராஜா சாப்பிடறார், யாரும் இருமாதீங்க," என்பான் பிலமோன்.

ஒரு மாதம் கழித்து எல்டோரெட் போட்டி வந்தது. பத்தாயிரம் மீட்டர்.

கடைசி இரண்டு சுற்று. கிமெலி முன்னால். பின்னால் ஹோசியா. கோச் கண்ணை மூடிக்கொண்டார். நிற்கப் போகிறான், அதைப் பார்க்க வேண்டாம் என்று.

அவன் நிற்கவில்லை.

கடைசிச் சுற்றில் மணி அடித்ததும் ஒரு கால் வைத்தான் பாருங்கள், அது ஓட்டமே இல்லை. மலைச் சரிவில் மழை இறங்கும், அப்படி இறங்கினான். கால் மண்ணில் படுவது தெரியவில்லை. மூச்சிரைப்பு இல்லை. கோணல் தாடை, அசையாத தலை. கத்த வந்த கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நான் இந்தக் கண்ணால் எத்தனையோ கால்களைப் பார்த்தவன். எனக்கும் மயிர்க் கூச்செறிந்தது.

கிமெலியைத் தாண்டினான். ஜெயித்தான்.

"ராஜா தோத்தாருடா!" பிலமோன் துள்ளினான்.

கோச் ஹோசியாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னடா பண்ணின? என்னத்தைத் தின்ன?"

"உகாலிதான்."

"எப்பவும் தின்னதுதானே?"

ஹோசியா தாடையைத் தடவினான். மெதுவாகப் பேசினான்.

"எப்பவும் எங்க தின்னேன் கோச்? நான் ஒரு வாய் மெல்லறதுக்குள்ள தட்டு காலியாயிடும். வீட்ல அம்மா எனக்குன்னு எடுத்து வைப்பா. இங்க வந்து அரை வயிறுதான்."

டாக்டர் அளக்காமல் விட்டது அந்தத் தாடையை மட்டும்தான்.

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் இல்ல?"

"ஆம்பளை பசிக்குதுன்னு கேப்பானா?"

பிலமோன் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டான். எங்களில் அடுத்தவன் தின்பதைப் பார்ப்பதே கேவலம். 'இவனுக்குப் போதவில்லை' என்று சபையில் சொன்னால் அவன் அப்புறம் தலை நிமிர மாட்டான்.

"ஒருத்தர் கண்ணுலயுமா படலை?" என்றார் கோச்.

"ஒருத்தன் கண்ணுல பட்டது. என் பக்கத்துல உக்காந்திருந்தான். ஒரு நாள் கையை மடக்கிக்கிட்டு எனக்காகக் காத்திருந்தான். அவன் பங்கையும் சேர்த்து நீங்க தின்னு தீர்த்தீங்க. மறுநாள்தான் எந்திரிச்சுத் தட்டு கேட்டான்."

எல்லோரும் திரும்பினோம்.

குழாயடியில் தனியாகக் குனிந்து ஷூவில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான் கிமெலி.