ஜெனரலின் காலிப் பெட்டி

"சவப்பெட்டிக்கு உள்துணி நான் தைக்கிறேன் கேப்டன். மூடியையும் நானே மூடறேன். இத மட்டும் எனக்குக் குடுங்க."

விதவை டார்கஸ் இப்படிக் கேட்டதும் தேவாலயத்தில் கூடியிருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக் கெசையா மட்டும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அமெரிக்க விடுதலைப் போரில் படை நடத்திய ஜெனரல் வாஷிங்டன் வர்ஜீனியாவில் காலமாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். அதற்காக வடக்கே கனெக்டிகட் மாநிலம் சும்மா இருக்குமா? ஊருக்கு ஊர் காலிப் பெட்டியைச் சுமந்து சவ ஊர்வலம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரின் முறை நாளைக்கு.

ஊர்வலத்தை நடத்தும் கேப்டன் பாட்டர் தாடையைச் சொறிந்தார். "ஏம்மா, உன் மகன் நேதன் சண்டைக்குப் போனதுலேர்ந்து ஜெனரலை நீ திட்டாத நாள் உண்டா?"

"இல்லதான்."

"அவர் ஜனாதிபதி ஆனப்போ ஊரே ஜன்னல்ல மெழுகுவத்தி ஏத்திச்சு. உன் வீடு மட்டும் இருட்டு. ரெண்டாம் தடவையும் அவரே வந்தாரே?"

"அப்பவும் ஏத்தல."

"போதும்டா சாமின்னு பதவிய உதறிட்டு வயலுக்குத் திரும்பினாரே, அப்பவாவது மனசு இளகிச்சா?"

"அவரால திரும்பி வர முடிஞ்சுது. வந்தாரு."

"பாத்தியா! உன்னை நம்பி ஜெனரல் பெட்டிய எப்படிம்மா குடுக்கறது?"

"கெஞ்சிக் கேக்கறேன் கேப்டன்."

கடுங்குளிரில்கூட ஒரு சுள்ளி விறகு யாரிடமும் கேட்காதவள். கேப்டன் பெட்டியை அவளிடமே ஒப்படைத்தார்.

அன்று இரவு கெசையா ரொட்டியைத் தள்ளி வைத்தாள். "ஜெனரல் நம்ம பக்கம் சுத்துப்பயணம் வந்து சத்திரத்துல தங்கினாரே, அப்பவே எனக்கு டார்கஸ் மேல ஒரு சந்தேகம்" என்றாள் கணவனிடம்.

"அவர் தங்கினது நம்ம ஊர்ச் சத்திரமே இல்லடி!"

"பக்கத்து ஊர்தானே? காலிருக்கறவளுக்கு அது ஒரு தூரமா?"

மறுநாள் மணி அடிக்கும் முன்பே கெசையா தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டாள். கறுப்புத் துணி போர்த்திய பெட்டி தனியாக இருந்தது. ஒரு காதல் கடிதமாவது சிக்காதா என்று மூடியை மெல்லத் தூக்கிக் குனிந்தாள். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"கெசையா! அங்க என்ன நோண்டற?" வாசலில் கேப்டன். "உள்ள ஏதாவது வச்சிருக்காளா அவ?"

ஒரு சேதியையும் வாயில் ஆறவிட்டு அறியாத கெசையா, மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினாள். கறுப்புத் துணியை நீவிவிட்டாள்.

"என்னத்த வைப்பா? காலிப் பெட்டி. தூக்கறவங்கள மட்டும் கொஞ்சம் ஆட்டாமத் தூக்கச் சொல்லுங்க."

உள்ளே, புது வெள்ளைத் துணியின் மேல், ஜெனரலின் பட்டாளத்தோடு போய் எந்தப் பனியில் புதைந்தான் என்றே தெரியாத நேதனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, இரண்டு கைகளையும் மார்பில் மடித்துக்கொண்டு படுத்திருந்தது.