பெரிய கிராணி அடித்த மணி

இது நான் பார்த்ததல்ல. அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொல்லக் கேட்டது.

வருஷம் 1928. பினாங்கு சூலியா தெரு வாசகசாலையில் ஞாயிறு மாலை விவாதம். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொங்கான் படகு ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது. வாரம் ஒரு நாள் அவர்களை உள்ளே விட்டுப் பேப்பர் வாசித்துக் காட்டலாமா, கூடாதா? அன்றே கை தூக்கி முடிவு செய்வார்கள்.

காட்டலாம் என்று பேச வேண்டியவன் இஸ்மாயில். கப்பல் ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. வேற யாரையாவது ஏத்துங்களேன்."

"வேலுகிட்டே வாக்குக் கொடுத்தது யாரு, நானா?" என்றார் பக்கத்துக் கடை சீனி முகம்மது. "அங்கே பாரு."

ஜன்னலுக்கு வெளியே தொங்கான் வேலுவும் ஏழெட்டுப் பேரும் குளித்து, துவைத்த சட்டை போட்டு நின்றார்கள்.

தலைவர் நாற்காலியில் பெரிய கிராணி விஸ்வலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். கையில் கடிகாரம், மேஜையில் மணி. ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஒரு விநாடி கூடினாலும் அடித்துவிடுவார். போதாக்குறைக்கு, "உள்ளுக்கு விட்டா வெத்திலை துப்பி நாறடிப்பினம்" என்று இந்த யோசனையையே எதிர்த்தவர்.

இஸ்மாயில் ஏறினான். "சபையோர்களே" என்றான். நாலு வாக்கியம் வந்தது. ஐந்தாவது வரவில்லை.

ஜன்னலில் வேலுவின் முகம் மட்டும் தெரிந்தது.

"என்னப்பா, கப்பல் தரை தட்டிடுச்சா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டிங்!

"நேரம் முடிஞ்சுது. இறங்குங்கோ, தம்பி" என்றார் விஸ்வலிங்கம்.

சீனி முகம்மது துள்ளி எழுந்தார். "எப்படி முடியும்? ரெண்டு நிமிஷம்கூட ஆகலைலா! உங்களுக்குப் பிடிக்காததைப் பேசினா உடனே மணியா?"

"அநியாயம்! பேச விடு!" என்று சபையே எழுந்து நின்றது. கேலி பேசியவனும் சேர்ந்து கத்தினான்.

விஸ்வலிங்கம் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். "பிழைபோலத்தான் கிடக்கு. சரி, முதல்ல இருந்து பேசட்டும்."

கோபத்தில் இஸ்மாயிலுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. தலைவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசினான். "இன்னைக்கு என் வாயை அடைக்கப் பார்த்தீங்க. வெளியே நிக்கிறவங்களுக்கு இது தினமும் நடக்குது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காட்டலாம் என்பதற்குப் பதினொரு கை அதிகமாக உயர்ந்தது. வேலுவும் மற்றவர்களும் வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில், மணியில் ஏமாற்றியவர் தலைவராக இருக்கக் கூடாது என்று தீர்மானம். முதலில் கை தூக்கியவன் இஸ்மாயில். விஸ்வலிங்கம் மணியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கதை உண்மைதானா என்று, போன மாதம் வாசகசாலையின் பழைய நடவடிக்கைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த விவாத நாளின் பக்கம் விஸ்வலிங்கத்தின் கையெழுத்தில் இருக்கிறது. 'பேச்சாளர் பேச்சு மறந்து நின்றதால் மணி அடித்தேன்' என்று ஒரு வரி. அதைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே எழுதியிருக்கிறார்: 'தலைவர் நேரத்தைப் பிழையாகப் பார்த்துவிட்டார்.'