புது ரசிகை

“அந்தக் கறுப்பு வட்டுக்குப் பேரு பக். அதைத் துரத்திக்கிட்டுதான் இத்தனை பேரும் ஓடறாங்க” என்றார் ஆர்வில்.

“அவ்வளவு சின்னதா?” என்று கேட்டாள், பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த டோரீன்.

உறைந்த ஏரியின் மேல் பலகைத் தடுப்பு கட்டி, நாலு பக்கமும் கேமரா நிறுத்தி, ஆட்டத்தை நாடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் ஹாக்கி பார்க்கிற கூட்டம் வருஷா வருஷம் குறைகிறதாம். புது ஆட்களைப் பிடிக்க டிவிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பழைய ரசிகர் ஒருவர், ஆட்டமே பார்த்திராதவர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார்கள். பழையவர் சொல்லித்தர வேண்டும். புதியவர் கடைசிவரை எழுந்து போகாமலிருந்தால் மைக்கை நீட்டுவார்கள்.

ஆர்வில் மைக்குக்காக வரவில்லை. மனைவி எல்சி இறந்துபோன பிறகு சனிக்கிழமை ஆட்டங்களை அவர் தனியாகத்தான் பார்த்தார். நல்ல கோல் விழுந்தால், பழக்க தோஷம், சோபாவின் மறுபக்கம் திரும்பி “பாத்தியா?” என்பார். பிறகு டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். வான்கூவரிலிருந்து மகள் போன் பண்ணினால், சாப்பிட்டாயா என்பதோடு சரி.

அதனாலேயே இன்றைக்கு அவருக்கு வாய் ஓயவில்லை. எப்படி இடித்தால் தப்பு, எப்படி இடித்தால் தப்பில்லை, தப்பு செய்தவனை ஏன் தனியாக உட்கார வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். டோரீனும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள்.

இரண்டாம் பகுதியில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் பக்கை வலைக்குள் அடித்தான். மொத்தக் கூட்டமும் எழுந்து கத்தியது, ஆர்விலும்தான். டோரீன் மட்டும் அசையவில்லை. வலைப்பக்கமே திரும்பாமல், ஐஸின் குறுக்கே வரைந்திருந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், எங்கே பார்ப்பதென்றுகூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நடுவர் கைகளை விரித்து, கோல் செல்லாது என்றார். பக்குக்கு முன்னால் ஆள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டானாம். ஆர்வில் அதையும் பொறுமையாக விளக்கினார். டோரீன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

இடைவேளையில் காற்று திரும்பியது. பனி முகத்தில் ஊசியாகக் குத்தியது. புதியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கார் நிறுத்திய இடத்துக்கு ஓடினார்கள். வரிசை நெடுகப் பழையவர்கள் மட்டும் பக்கத்தில் காலி நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

டோரீனும் எழுந்தாள். கம்பளியை உதறி மடித்தாள்.

ஆர்விலுக்கு என்னமோ போலாகிவிட்டது. “குளிர் ஜாஸ்திதான். பாத்துப் போங்க” என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் பகுதி தொடங்கியது. அவர் யாருக்கும் எதையும் விளக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மூக்குக்கு நேராக ஒரு காபிக் கோப்பை நீண்டது.

“வரிசை பெரிசா இருந்துச்சு. சர்க்கரை போதுமான்னு பாருங்க” என்றாள் டோரீன்.

ஆட்டம் முடிந்ததும் மைக்கோடு வந்த பெண்ணிடம், இவரைப் போல் யாரும் சொல்லித்தர முடியாது என்று டோரீன் சொன்னாள். கேமரா நகர்ந்தது. விளக்குகளை இறக்க ஆரம்பித்தார்கள். இனி வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று ஆர்விலும் எழுந்தார்.

“அடுத்த சனிக்கிழமையும் டிவியில ஆட்டம் இருக்கு” என்றார் தயங்கித் தயங்கி. “புதுசா பாக்கறவங்களுக்குத் தனியா பாத்தா புரியாது. நம்ம வீட்டுக்கு வந்தீங்கன்னா, பக்கத்துல இருந்து சொல்லித்தருவேன்.”

டோரீன் கையுறையை மாட்டுவதை நிறுத்தினாள்.

“வர்றேன். ஆனா மறைக்கக் கூடாது ஆர்வில். எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவும் சரி, அவர் போனப்புறமும் சரி, நான் ஒரு ஆட்டம்கூட விட்டதில்ல.”

பிறகு எதற்கு ஒன்றும் தெரியாதவர்கள் பக்கம் பேர் கொடுத்தாள் என்று கேட்டார் ஆர்வில்.

“சொல்லித்தர்றவங்க இடமெல்லாம் நிரம்பிடுச்சுன்னாங்க.”