கட்டையில் ஏழு கீறல்கள்

பழைய பட்டாளத் துப்பாக்கி ஒன்று மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும், வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தன. துப்பாக்கியை வாங்கியவர் காப்பி குடிக்கப் போயிருந்தார்.

“இரும்பில் பொறித்திருக்கும் இந்தக் கிரீடம் ராஜா காலத்துப் பட்டறை முத்திரை,” என்றது பூதக்கண்ணாடி. “பக்கத்திலேயே நட்சத்திரம். அப்படியானால் பிறகு வேறொரு பட்டாளத்துக்குக் கைமாறியிருக்கிறது. இந்த இரண்டின் பக்கமும் போய்விடாதே, தம்பி. மரக்கட்டையில் ஏழு கீறல் இருக்கிறதே, அதைத்தான் நீ தேய்க்க வேண்டும். அது எந்தப் பட்டறை முத்திரையும் இல்லை, வெறும் கிறுக்கல்.”

“தேய்த்தால் போச்சு! புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவீர்கள், பெரியவரே,” என்றது உப்புத்தாள்.

துப்பாக்கி சிரிக்கவில்லை.

“கிரீடத்தை வேண்டுமானால் தேய்த்துக்கொள். அந்த ராஜாவுக்கு ஊரெல்லாம் சிலை இருக்கிறது. இந்தக் கீறல்கள் நான் சுட்டதில் செத்த ஆட்கள். ஒவ்வொருவர் விழுந்ததும் என்னைச் சுமந்தவன் கத்தியால் ஒரு கோடு கீறினான். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதையும் அழித்துவிட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை.”



வாங்கியவர் வந்தார். உப்புத்தாளை எடுத்து முதலில் விசையைச் சுற்றியிருந்த துருவேறிய வளையத்தைத் தேய்த்தார். உப்புத்தாள் தன் மேலிருந்த மணலையெல்லாம் அந்தத் துருவிலேயே உதிர்த்தது. அவர் கை கட்டைக்கு வந்தபோது அது வெறும் காகிதம். ஏழு கீறல்களையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தது.