குணரத்தினத்தின் பாலம்

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகிற லோஞ்ச் படகு பாதிக் கடல் தாண்டிய பிறகுதான், அந்தப் படம் பையில் கிடப்பது கமலேஸ்வரிக்கு உறைத்தது.

மடியில் இருந்த பையில் முப்பத்தொரு கடிதங்கள். எல்லாம் கனடாவிலிருந்து கணவர் குணரத்தினம் எழுதியவை. நாளைக் காலை கொழும்பில் விசா நேர்முகம். கல்யாணம் மெய்யான கல்யாணம்தான் என்று காட்ட, இந்தக் கடிதங்களை விட்டால் அவளிடம் வேறு சாட்சி இல்லை.

முப்பது கடிதங்களில் வில்லங்கம் ஒன்றுமில்லை. சுகம், சாப்பாடு, குளிர். முப்பத்தோராவதில்தான் மனுசன் படம் கீறியிருந்தார்.

ஒரு பாலம். ஓரத்தில் குழாய். றோட்டுக்குள் புதைத்த வயர். கரையில் ஒரு பெட்டி. பக்கத்தில் விளக்கம் வேறு: ஆள் தேவையில்லை, பெட்டிக்குத் தானாகத் தெரியும், நேரம் வந்ததும் அடிக்கும்.

அடிப்பது உப்புத்தண்ணீர் மாதிரி ஒரு மருந்து. பாலத்தில் ஐஸ் பிடித்து வாகனங்கள் வழுக்கிவிடாமல், குளிர் இறுகுமுன்பே அது பீச்சும். மருந்துத் தாங்கியை நிரப்புவதும் குழாய் வாயில் அடைப்பெடுப்பதும் குணரத்தினத்தின் வேலை. உம்முடைய கணவருக்கு என்ன வேலை என்று விசாக்காரர் கேட்டால் அவள் தடுமாறக் கூடாது என்று கீறி அனுப்பிய படம்.

நல்ல யோசனைதான். திருகோணமலை இறங்குதுறையில் பைகளைக் கிளறிச் சோதிக்கிற நேவிக்காரரின் செக்பொயின்ற் இருப்பது மட்டும் கனடா போனதும் மனுசனுக்கு மறந்துபோயிற்று.

சண்டை நடக்கிற காலம்; பாலம், வயர், பெட்டி என்று கண்டால் குண்டு என்றுதான் நினைப்பார்கள். ஐஸ் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இந்தப் பக்கத்தில் ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கிடப்பது.

கடிதத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பக்கத்தில் இருந்த பாய் விற்கிற பரீதா எட்டிப் பார்த்துவிட்டு முகம் கறுத்துப்போனாள். கிழித்துக் கடலில் போடச் சொன்னாள். போன கிழமை றேடியோ திருத்துகிற ஒருவரை ஒரு துண்டு வயருக்காக நேவிக்காரர் இரண்டு நாள் பிடித்து வைத்திருந்தார்களாம்.

கமலேஸ்வரி கிழித்துக் கடலில் போட்டாள். படம் இருந்த கீழ்ப்பாதியை மட்டும்.

மேல்பாதி “என் ஆசைக் கமலா” என்று தொடங்கியது. ஏழு வருசத்தில் அவர் அப்படி எழுதியது அந்த ஒரு தடவைதான். அதைக் கிழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இறங்குதுறையில் நீண்ட வரிசை. கொழும்பு பஸ் றோட்டோரத்தில் இரைந்துகொண்டு நின்றது. அதை விட்டால் நாளைய நேர்முகமும் இல்லை.

நேவிக்காரன் இளவயதுக்காரன், ஒல்லி. பையைக் கவிழ்த்து, கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். முப்பதும் தப்பின. முப்பத்தோராவதில் நின்றான்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவன். கடைசி வரியை எழுத்துக்கூட்டி வாசித்தான்: கீழே கீறியிருக்கிற பாலத்தை வடிவாகப் பாரும்.

கீழே பாலம் இல்லை. கிழிந்த விளிம்புதான் இருந்தது.

மிச்சம் எங்கே என்று மலைநாட்டுத் தோட்டத்துத் தமிழில் கேட்டான். கமலேஸ்வரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. படம் இருந்திருந்தால் குழாயையாவது கண்டிருப்பான். இப்போது அவன் மனதில் எந்தப் பாலம் நிற்கிறதோ.

பொய் சொல்ல அவளுக்கு வராது, யோசிக்க நேரமும் இல்லை. பேனையும் தாளும் கேட்டு வாங்கி, மண்மூட்டையின் மேல் வைத்துக் கீறத் தொடங்கினாள். இரண்டு கிழமையாகப் பாடமாக்கிய படம். பாலம், குழாய், வயர், பெட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர். எதைக் கொண்டுவரப் பயந்தாளோ அதைத் தன் கையாலேயே கீறினாள். குளிர், ஐஸ், மருந்து என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் போலக் கேட்டது.

அவன் குழாய் வாயை விரலால் தொட்டான். குளிர் இறுகுமுன்னே தானாக அடிக்குமா என்று கேட்டான். ஓம் என்றாள்.

“நுவரெலியாவுல எங்க கெழங்குத் தோட்டத்துலயும் ஐஸ் புடிக்கும். அப்பா விடியுறதுக்கு முந்தி எந்திரிச்சு, கையாலதான் தண்ணி அடிப்பாரு.”

அப்பாவுக்கு இப்போது முன்னைப்போல ஏலாதாம். வருகிற மாதம் லீவில் போகும்போது அவருக்கு இந்தப் படத்தைக் காட்ட வேண்டுமாம். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். கடிதங்களை அடுக்கிக் கொடுத்து, போகலாம் என்று கை காட்டினான்.

கமலேஸ்வரி விறுவிறென்று நடந்தாள். அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பத்தடி போனாள், இருபதடி போனாள், பிறகு நின்றாள்.

இங்கிருந்து நுவரெலியா வரைக்கும் எத்தனை செக்பொயின்ற்? நேவிக்காரன் ஒருவனின் பைக்குள் தமிழில் எழுதிய பாலத்துப் படம். ஆர் தந்தது என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்?

பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் திரும்பி நடந்தாள்.

“அந்தப் படத்தைத் தாங்கோ தம்பி. பிடிபட்டால் உங்கட ஐஸையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

அவன் தாளை எடுத்துக் கொடுத்தான், பேனையையும் கொடுத்தான்.

தமிழெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பேனையால் வெட்டி மறைத்தாள். தூண்களை மறைத்து மண் கீறினாள். றோட்டின் மேல் இலைகள் வைத்தாள், அடியில் உருண்டை உருண்டையாகக் கிழங்குகள். அவனுடைய அப்பாவுக்காகக் குழாயை மட்டும் அப்படியே விட்டாள். பஸ் இரண்டாம் தரம் ஹோர்ன் அடித்தது.

பாலம் முழுவதும் மறைய இன்னும் இரண்டு கிழங்கு மிச்சம் இருந்தது. அவள் கீறிக்கொண்டிருந்தாள்.