பிரிக்காத இசைத்தட்டு

அடித்தொண்டையில் உறுமிப் பாடும் இங்கிலாந்து டெத் மெட்டல் இசைக்குழு ஒன்றின் பழைய இசைத்தட்டை, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் இன்பராஜ் அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். பிரித்துவிட்டால் சேகரிப்பவர்கள் மத்தியில் அதற்கு மதிப்பில்லை. அதனால் அந்தப் பாட்டுகளை அவனே கேட்டதில்லை. இன்று அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி ஷீபா, அடித்தொண்டையிலிருந்து கரடிபோல உறுமினாள். பலகையில் கத்தி வெறிபிடித்தாற்போல் தாளம் போட்டது.

"என்ன பாட்டு அது?"

"தெரியலங்க. சும்மா வாயில வந்துச்சு" என்றுவிட்டு மறுபடி உறுமத் தொடங்கினாள்.

அவன் அலமாரியைத் திறந்தான். தட்டு வைத்த இடத்தில்தான் இருந்தது. பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தான். யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அவள் உறுமுவது இதிலுள்ள பாட்டுதானா என்று ஒருமுறை ஓடவிட்டால் தெரிந்துவிடும். பிளேடை எடுத்து ஓரத்தில் வைத்தான்.

அடுப்படியில் உறுமலும் கத்தியும் ஒருசேர நின்றன.